இரு நூல்கள், ஒரு வேர்ச்சொல்

கடந்த காலத்தைப் பற்றி எழுதப்பெற்ற நூல்களுக்கு அரபு இலக்கியத்தில் பஞ்சமில்லை. அவற்றுள் இரண்டினை மட்டும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்னும் விருப்பம் நமக்கு நெடுநாளாக உண்டு. ஒன்று, ஷைஸர் கோட்டையின் அரச குடும்பத்தில் பிறந்த உஸாமா இப்னு முன்கித் தம் முதுமையில் சொல்லிவைத்த 'கிதாபுல் இஃதிபார்'. மற்றொன்று, இப்னு கல்தூன் யாத்த பெருவரலாறாகிய 'கிதாபுல் இபர்'. இதன் முகப்பாக அமைந்த பகுதியே 'முகத்திமா' என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. முன்னவர் வாளேந்திய வேட்டைக்காரர். பின்னவர் எழுதுகோலேந்திய அரசவையாளர். இருவருக்கும் இடையே ஏறத்தாழ இருநூற்று நாற்பது ஆண்டுகள். ஆயினும் தம் நூலுக்குப் பெயர் தேடியபோது இருவரும் ஒரே வேர்ச்சொல்லிடம் சென்று நின்றனர்.

ஐன், பே, ரே என்னும் மூன்றெழுத்துகளாலான அந்த வேருக்குக் 'கடத்தல்' என்பதே முதற்பொருள். ஆற்றின் இக்கரையிலிருந்து அக்கரைக்குச் செல்வது 'உபூர்'. கண்ணின் கரையைக் கடந்து வழிவதால் கண்ணீர்த்துளி 'அப்ரத்' ஆயிற்று என்பர். உள்ளத்துக் கருத்தை நாவுக்குக் கடத்தும் சொற்றொடர் 'இபாரத்'. மதுரஸாவில் நாள்தோறும் கிதாபை விரித்து இபாரத் வாசிக்கும் மாணவர்களுள் எத்தனை பேர் இதனை எண்ணிப் பார்த்திருப்பர் என்பது நமக்கு ஐயமே. கண்ட ஒன்றிலிருந்து காணாத ஒன்றுக்கு அறிவைக் கடத்துவது 'இஃதிபார்'. அவ்வாறு கடப்பதற்குத் துணையாய் நிற்கும் நிகழ்ச்சி 'இப்ரத்'. அதன் பன்மை 'இபர்'.

திருக்குர்ஆனில் 'யூசுஃப்' எனும் 12 ஆம் அத்தியாயத்தை ஓதுவோர் இவ்வேர் அங்கே இருமுறை வருவதைக் காணலாம். 43 ஆம் வசனத்தில் எகிப்து மன்னன் தன் கனவுக்குப் பொருள் கேட்கும்போது ஒருமுறை. 111 ஆம் வசனத்தில் முன்னோர் வரலாறுகளைப் பற்றிய பேச்சில் மறுமுறை. முன்னது வரவிருக்கும் பஞ்சத்தைப் பற்றியது. பின்னது நடந்து முடிந்தவற்றைப் பற்றியது. கனவிலிருந்து எதிர்காலத்துக்குக் கடப்பதும், வரலாற்றிலிருந்து நிகழ்காலத்துக்குக் கடப்பதும் ஒரே செயலின் இரு முகங்கள் என்று அம்மொழி கருதியிருக்கிறது. நாம் எடுத்துக்கொண்ட இரு நூல்களையும் இந்த அளவுகோல் கொண்டே பார்க்க விழைகிறோம். நடந்ததைச் சொல்வதில் இவர்கள் வல்லவர்களா என்பதன்று நம் கேள்வி. நடந்ததிலிருந்து இவர்கள் கடந்தார்களா என்பதே.

உஸாமா 1095 இல், ஹிஜ்ரி 488 இல், வட சிரியாவில் ஆஸி நதிக்கரைக் கோட்டையொன்றில் பிறந்தார். அவருக்கு நான்கு வயதாகையில் சிலுவைப் படையினர் பைத்துல் முகத்தஸைக் கைப்பற்றினர். 1188 இல் அவர் திமிஷ்கில் கண்மூடுவதற்கு ஓராண்டு முன்னர் ஸலாஹுத்தீன் அதனை மீட்டார். ஆக, ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் ஒரு யுகம் அடங்கிவிட்டது. ஷைஸரின் ஆட்சியைத் தம் இளவலுக்கு விட்டுக்கொடுத்துத் திருமறையைப் படியெடுப்பதிலும் வேட்டையிலும் காலங்கழித்தவர் அவர் தந்தை. அந்தச் சிற்றப்பாவின் மனக்கசப்பினால் 1138 இல் உஸாமா கோட்டையை விட்டு வெளியேற நேர்ந்தது. பின்னர் திமிஷ்க், பாத்திமிய கெய்ரோ, ஹிஸ்ன் கைஃபா என அலைந்தார். எகிப்தைவிட்டு வந்த காலத்தில், அபயப் பத்திரம் பெற்றுக் கடல்வழி வந்த அவர் குடும்பத்தாரின் கப்பலை அக்கா அருகே பிராங்கியர் கொள்ளையிட்டனர். குடும்பம் உயிரோடு வந்து சேர்ந்தது. நாலாயிரம் நூல்கள் போயின. பொன்னும் மணியும் போனதைப் பெரிதாகக் கருதாத அம்முதியவர், அந்நூல்களின் இழப்பு மட்டும் தம் நெஞ்சில் ஆறாத புண்ணாக நின்றதென்று எழுதுகிறார்.

1157 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் ஷைஸர் இடிந்து வீழ்ந்தது. ஒரு விருந்துக்காகக் கூடியிருந்த அவருடைய உறவினர் ஏறக்குறைய அனைவரும் அதில் மாண்டனர். அவரைத் துரத்தியவர்களின் வழியினர் மண்ணுக்குள் போயினர். துரத்தப்பட்டமையால் அவர் எஞ்சினார். தமக்கு இழைக்கப்பட்ட அநீதியே தம் உயிரைக் காத்த கதையை வேறு எவரேனும் எழுதியிருந்தால் எத்தனை பழிதீர்த்த சொற்களை அதில் கொட்டியிருப்பார்! உஸாமாவோ அவர்களுக்காக அழுதார்; பாழடைந்த மனைகளையும் பிரிந்துபோன ஊர்களையும் பற்றி அரபுக் கவிஞர்கள் பாடியவற்றையெல்லாம் 'அல்மனாஸில் வத்தியார்' என்னும் தொகுப்பாகத் திரட்டினார். இவ்வடக்கம் எளிதில் வாய்ப்பதன்று.

'இஃதிபார்' நூலுக்கு ஒழுங்கு கிடையாது. ஒரு நினைவு மற்றொன்றை இழுத்துவர, சிங்கத்திலிருந்து மருத்துவனுக்கும், மருத்துவனிலிருந்து பாட்டிக்கும் தாவிச் செல்கிறது. இதனைக் குறையென்று சொல்லும் திறனாய்வாளர்கள் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நினைவு அப்படித்தான் வரும். நாம் காணும் குறை வேறு. எண்ணற்ற ஆபத்துகளைச் சொல்லி முடித்து, அவை அனைத்துக்கும் ஒரே முடிவினை அவர் தருகிறார்: ஆபத்தில் இறங்குவது அஜலை முற்படுத்தாது, ஒதுங்கியிருப்பது அதனைப் பிற்படுத்தாது. தாமே அதற்குச் சான்று என்கிறார். அகீதாவில் இது நமக்கு உடன்பாடே. ஆனால் தொண்ணூறு ஆண்டுப் பட்டறிவு, பிள்ளைப் பருவத்தில் பாடமாகக் கற்ற ஒன்றையே திரும்பக் கூறுவதற்குத்தான் பயன்பட்டதா என்று கேட்கத் தோன்றுகிறது. ஈட்டியை முறித்த கை இன்று எழுதுகோலைப் பிடிக்க நடுங்குகிறதே என்று அவர் வியக்கும் இடம் நம் உள்ளத்தைத் தொடுகிறது. வியப்போடு அவர் நின்றுவிடுகிறார்.

அவர் தம்மை அறியாமலே கடக்கும் இடங்கள்தாம் அந்நூலின் உயிர். பிராங்கிய மருத்துவரைப் பற்றிய கதையை அனைவரும் அறிவர். முனைத்திராவின் தலைவன் வேண்டியபடி உஸாமாவின் சிற்றப்பா அனுப்பிய தாபித் என்னும் கிறித்தவ மருத்துவர், காலில் கட்டி வந்த வீரனுக்குப் பற்றுப்போட்டுக் கட்டியை உடைத்து ஆற்றிக்கொண்டிருந்தார். அங்கு வந்த பிராங்கிய மருத்துவன் கோடரியைக் கொண்டுவரச் சொல்லிக் காலை வெட்டுவித்தான். நோயாளி அக்கணமே இறந்தான். நோயுற்ற பெண்ணொருத்தியின் தலையைக் கீறியதில் அவளும் இறந்தாள். நம்மவர் நாகரிகமுற்றிருந்தபோது ஐரோப்பியர் எவ்வாறிருந்தனர் என்பதற்குச் சான்றாக இக்கதை கட்டுரைதோறும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் எடுத்தாள்வோர் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை! அங்கே உஸாமா இதற்கு மாறான இரண்டு நிகழ்ச்சிகளைத் தாமே முன்வந்து சொல்கிறார். குதிரை உதைத்துப் புண்பட்ட காலுடன் கிடந்த பிராங்கிய மன்னனின் பொக்கிஷதாரனை, பூசப்பட்ட மருந்துகளையெல்லாம் அகற்றிவிட்டுக் கடுங்காடியால் கழுவியே ஒரு பிராங்கிய மருத்துவன் குணப்படுத்தியது ஒன்று. ஷைஸரின் கைத்தொழிலாளி ஒருவருடைய மகனின் கழுத்துக் கண்டமாலைக்கு ஒரு பிராங்கியன் சொல்லித்தந்த மருந்து பலித்தது மற்றொன்று. அந்தப் பொக்கிஷதாரன்மீது உஸாமாவுக்கு வெறுப்பு மிகுதி. அவன் சாக வேண்டுமென விரும்பியதை அவர் மறைக்கவுமில்லை. இருந்தும் மருத்துவம் பலித்ததை மறைக்கவில்லை.

பைத்துல் முகத்தஸில் நடந்ததொன்று இதனினும் நுட்பமானது. அக்ஸாவில் குடியிருந்த டெம்ப்ளர் வீரர்கள் அவருக்கு நண்பர்கள். தொழுவதற்கு ஒரு சிறு பள்ளியை ஒழித்துத் தருவார்கள். ஒருநாள் தக்பீர் கட்டி நின்றவரை ஒரு பிராங்கியன் பிடித்துக் கிழக்கு நோக்கித் திருப்பினான். டெம்ப்ளர்கள் அவனை விலக்கிவிட்டு, இவன் தன் நாட்டிலிருந்து புதிதாக வந்தவன், கிழக்கன்றி வேறு திசை நோக்கித் தொழுவோரைக் கண்டிராதவன் என்று வருத்தம் தெரிவித்தனர். புதிதாக வந்தவர்கள், நம்மோடு நெடுநாள் பழகியவர்களைவிட முரட்டுக் குணமுடையவர் என்று உஸாமா பொதுவாகவே குறித்துச் செல்கிறார். ஒரே சமயம், ஒரே இனம், ஒரே படை. இருந்தும் பழகிய ஆண்டுகள் மனிதனை மாற்றுகின்றன. இது விதியைப் பற்றிய முடிவன்று. மனிதரைப் பற்றிய முடிவு. உஸாமா இதனை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விட்டார். அந்த வாக்கியத்திலிருந்து ஒரு சாத்திரத்தையே கட்டவல்லவர் பின்னர் வந்தார்.

இப்னு கல்தூன் 1332 இல், ஹிஜ்ரி 732 இல், தூனிஸில் பிறந்தார். இஷ்பீலியா வீழ்வதற்குச் சற்று முன் அங்கிருந்து பெயர்ந்து வந்த பழங்குடும்பம் அவருடையது. பதினேழு வயதில் கொள்ளைநோய் அவருடைய பெற்றோரையும் ஆசிரியர்கள் பலரையும் வாரிச் சென்றது. ஃபாஸ் நகரில் எழுத்தராயிருந்து இரண்டாண்டுகளுக்குச் சற்றுக் குறைவாகச் சிறையிருந்தார். கிரானடாவிலிருந்து தூதராகக் காஸ்டைல் மன்னன் பெத்ரோவிடம் இஷ்பீலியாவுக்கே சென்றார். தங்கிவிட்டால் முன்னோரின் சொத்தைத் திருப்பித் தருவதாக மன்னன் சொன்னபோது மறுத்துத் திரும்பினார். பிஜாயாவில் ஹாஜிபாக உயர்ந்து ஓராண்டில் சரிந்தார். கட்சி மாறினார், மீண்டும் மாறினார். இறுதியில் அரசியலில் கைகளைக் கழுவிக்கொண்டு இப்னு ஸலாமா கோட்டையில் நான்காண்டுகள் ஒதுங்கியிருந்தார். அங்கேதான் 1377 இல் ஐந்தே மாதங்களில் முகத்திமாவின் முதல் வடிவம் பிறந்தது.

சமூகவியலின் தந்தை என்று அவரை மேடைகளில் போற்றுவோர் இதனைக் கருதுவதில்லை. வெற்றிபெற்ற ஹாஜிப் ஒருவர் அந்நூலை எழுதியிருக்க இயலாது. தாம் தாங்கி நின்ற ஒவ்வோர் அரசும் ஏன் தம் கைகளிலேயே உதிர்ந்தது என்று கேட்டவரால்தான் அது இயன்றது. ஆயினும் நூலினுள் தம் தோல்வியைப் பற்றி அவர் புலம்பவில்லை. பெற்றோரைத் தின்ற கொள்ளைநோய் முகத்திமாவில் வருகிறது. மகன் எழுதியதாக வரவில்லை. ஊர்கள் பாழாகி, வழிகள் அழிந்து, அரசுகள் நலிந்து, உலகின் நிலையே மாறிப்போன நிகழ்ச்சியாக வருகிறது. இத்தகைய மாற்றத்துக்குப் பின் ஒருவர் புதிதாக வரலாறெழுத வேண்டியது கடமையாகிறது என்பதற்கே அதனைச் சான்றாக்குகிறார். சொந்தத் துயரத்தின் கரையிலிருந்து உலகத்தின் கரைக்கு அவர் கடந்த இடம் இது. உஸாமா செய்யாதது இதுவே.

அவருடைய கோட்பாடுகளுள் 'அஸபிய்யத்' எனும் குழுப்பிணைப்பே பலராலும் பேசப்படுகிறது. அதனை நாம் விரிக்கப் போவதில்லை. நம் பொருளுக்கு நெருக்கமானது, குடிப்பெருமை நான்கு தலைமுறைகளில் முடிந்துவிடும் என்று அவர் கூறும் பகுதி. பெருமையைக் கட்டியவன், அதற்குத் தான் கொடுத்த விலையை அறிவான். மகன் அவனோடு இருந்து கேட்டறிந்தவன். கேட்டவன் பட்டவனுக்கு ஈடாகான். பேரனிடம் எஞ்சுவது பின்பற்றுதல் மட்டுமே. நான்காமவனோ, இப்பெருமை உழைப்பால் வந்ததன்று, பிறப்பால் தன்னுடையதென்று நம்பி, அதனை இழந்துவிடுகிறான். தமிழில் 'பட்டறிவு' என்றொரு சொல் இருப்பது எத்தனை பொருத்தம்! பட்டால்தான் அது அறிவு. பட்டறிவைப் பிள்ளைக்குச் சொத்தாக எழுதிவைக்க முடியாது என்பதையே இப்னு கல்தூன் அரசர் பட்டியல்களைக் கொண்டு நிறுவிக்காட்டுகிறார்.

இதன் மறுபக்கத்தையும் அவர் விடவில்லை. பட்ட தீமையும் எளிதில் நீங்காது. மூஸா நபி அவர்களின் சமூகத்தார் நாற்பதாண்டுகள் பாலையில் அலைந்ததன் உட்கருத்தை அவர் விளக்கும் இடம் வியத்தற்குரியது. எகிப்தில் இழிவுக்குள் வளர்ந்தவர்களுக்குப் போர் முனையில் நிற்கும் உள்ளம் அற்றுப்போயிருந்தது. அந்த இழிவை அறியாத புதிய தலைமுறை பாலையில் பிறந்து வளர்வதற்கு அக்காலம் வேண்டியிருந்தது என்கிறார். கல்வி பற்றிய பகுதியிலும் இதே நோக்குதான். கடுமைக்கு உள்ளான மாணவன் சுருங்கிப்போகிறான். அடிக்குத் தப்பப் பொய்யைக் கற்கிறான். கற்ற பொய் பழக்கமாகிப் பின் குணமாகிறது. நம் ஓதுதலில் முகத்திமா பாடநூலாக இருந்ததில்லை. இருந்திருந்தால், பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டே இந்த அதிகாரத்தை நடத்தும் நிலை சில உஸ்தாதுமார்களுக்கு நேர்ந்திருக்கும்.

இனி, அவருடைய நூலினுள் இருக்கும் முரணுக்கு வருவோம். நேற்று நடந்தது நாளை நடக்கவிருப்பதை ஒத்திருக்கும் என்பது அவர் அடிப்படைகளுள் ஒன்று. இதைக்கொண்டே பழைய வரலாற்றாசிரியர்கள் கூறிய நம்பவொண்ணாப் படைத்தொகைகளை அவர் மறுக்கிறார். அதே நூலில், காலம் செல்லச் செல்லச் சமூகங்களின் நிலை மாறிவிடும் என்பதை மறப்பதே வரலாற்றாசிரியரின் மறைவான நோய் என்றும் எச்சரிக்கிறார். நேற்றும் நாளையும் ஒன்றென்றால் மாற்றம் ஏது? மாற்றமுண்டென்றால் நேற்றைக்கொண்டு நாளையை அறிவது எங்ஙனம்?

அவர் தரும் சான்றொன்று இம்முடிச்சை ஒருவாறு அவிழ்க்கிறது. ஹஜ்ஜாஜின் தந்தை ஓர் ஆசிரியர் என்னும் செய்தியைக் கேட்ட பிற்காலத்தவர், தம் காலத்து ஆசிரியர்களை எண்ணிப் பார்த்தனர். அவர் காலத்தில் ஆசிரியத் தொழில் வயிற்றுப்பாட்டுக்கான எளிய தொழில். ஆசிரியன் ஏழை, பின்பலமற்றவன். ஆகவே ஆசிரியனின் மகன் ஆளுநரானது போல் நாமும் ஆகலாம் என்று தகுதிக்கு மீறிய ஆசைகொண்டு பலர் கெட்டனர். இஸ்லாத்தின் தொடக்க காலத்திலோ கற்பித்தல் ஒரு பிழைப்பாக இருக்கவில்லை. குலமும் பிணைப்பும் உடையவர்களே மார்க்கத்தை எடுத்துரைக்கும் பணியாக அதனைச் செய்தனர். சொல் ஒன்றே, பொருள் மாறிவிட்டது. பெயர் ஒத்திருப்பதைக் கண்டு நிலையும் ஒத்திருப்பதாகக் கொள்வதுதான் பிழை. ஒத்திருப்பவை காரணங்களே அன்றிப் பெயர்களல்ல என்பது இதிலிருந்து நாம் கொள்ளும் விளக்கம். (ஆசிரியர்களைப் பற்றி அவர் சொன்னதில் இன்றளவும் மாறாதது எவ்வளவு என்பதை, அத்தொழிலிலேயே காலங்கழித்த நாம் சொல்லாமல் விடுவது நலம்.)

நம் மேடைகளிலும் மலர்களிலும் குர்துபாவின் தெருவிளக்குகளும் பக்தாதின் நூலகங்களும் ஒளிவீசும் முறையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கலீஃபா, காஜி, மதுரஸா என்னும் பெயர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. ஆகவே அன்றைய பெருமை நம்முடையதே என்று பேசிவிடுகிறோம். இப்னு கல்தூனையே அப்பெருமைப் பட்டியலில் ஓர் உருப்படியாகச் சேர்த்துக்கொள்கிறோம். அவர் வகுத்த நான்காம் தலைமுறையின் இலக்கணம் இதுவன்றி வேறென்ன? அவருடைய பெயரை உரக்கச் சொல்லும் ஒரு பேச்சாளர், அந்நூலின் இவ்வதிகாரத்தைப் படித்திருந்தால் தம் உரையைப் பாதியில் நிறுத்தியிருப்பார். தெருவிளக்கை ஏற்றியவன் பட்டது என்ன, அதன் எண்ணெய்க்கு வரி கொடுத்தவன் யார், அது எந்தத் தலைமுறையில், யாருடைய சண்டையில் அணைந்தது என்று கேட்பதே 'இபர்' என்னும் பெயருக்குரிய வாசிப்பு.

இவ்வளவு சொன்ன பின்னர், அறிவாகக் கடந்தவரை வாழ்க்கை எவ்வளவு தூரம் கடக்கவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1382 இல் எகிப்துக்குப் பெயர்ந்தவர், அங்கே மாலிகி காஜியாக ஆறுமுறை அமர்த்தப்பட்டார். நீக்கப்பட்டு நீக்கப்பட்டுத் திரும்பி வந்தார். அவரை நாடிக் கடல்வழி வந்த குடும்பம் மரக்கலத்தோடு மூழ்கியது. இத்துயரத்துக்குத் தம் சரிதையில் அவர் ஒதுக்கும் இடம் மிகச் சிறிது. சுல்தான்களுக்கு எழுதிய கடிதங்களுக்கோ பக்கம் பக்கமாக. உஸாமா நாலாயிரம் நூல்களுக்கு விட்ட பெருமூச்சு நமக்கு இன்றும் கேட்கிறது. பிள்ளைகளை இழந்த இப்னு கல்தூனின் குரல் கேட்கவில்லை. காரணங்களை மட்டும் தேடுபவரிடம் கண்ணீர் வற்றிவிடுமோ என்னும் அச்சம் அந்தப் பக்கங்களில் நமக்கு எழுகிறது. அவ்வேரில்தானே 'அப்ரத்' என்னும் சொல்லும் இருந்தது?

1401 இல் தைமூர் திமிஷ்கை முற்றுகையிட்டபோது, எழுபதை நெருங்கிய அவர் கோட்டை மதிலிலிருந்து கயிற்றில் இறங்கி அவனைச் சந்தித்தார். அஸபிய்யத்தைப் பற்றிய தம் கோட்பாட்டையே அவனுக்கு முன் எடுத்துரைத்து, அதன்படி அவனே பேரரசன் என்று சொன்னதாகத் தாமே எழுதுகிறார். அவன் கேட்டபடி மக்ரிப் நாடுகளின் நிலவிவரத்தையும் எழுதித் தந்தார். பின்னர் தைமூரைப் பற்றி மக்ரிபின் சுல்தானுக்கும் மடல் விடுத்தார். அரசுகள் எவ்வாறு அழியும் என்றறிந்தவர், அழிப்பவன் முன் நின்றபோது, இளமையில் ஃபாஸிலும் கிரானடாவிலும் கற்ற அதே அரசவைப் பழக்கத்திற்குத் திரும்பினார். சிலர் இதற்காக அவரைப் பழிக்கின்றனர். நாம் பழிக்கவில்லை. பழக்கம் குணமாகிவிடும் என்று எழுதியவரும் அவரே.

இவ்விரு நூல்களையும் தமிழில் கொணர விழைவோர்க்கு ஒன்று கூறி அமைகிறோம். 'இப்ரத்' என்பதற்கு நம்மவர் வழக்கமாக இடும் சொல் 'படிப்பினை'. அது முகத்திமாவுக்கு ஓரளவு பொருந்தும், உஸாமாவுக்குப் பொருந்தாது. எஸ்கோரியல் நூலகத்தில் 1880 இல் டெரன்பூர்க் என்னும் அறிஞர் கண்டெடுத்த ஒற்றைப் படியில் தொடக்க ஏடுகள் இல்லை. தம் நூலின் பெயரை உஸாமா எவ்வாறு விளக்கியிருப்பார் என்பது அவற்றோடு போய்விட்டது. எனவே தலைப்பில் மூலச் சொல்லை அப்படியே விட்டுவைத்து, முன்னுரையில் கடத்தலையும் கண்ணீரையும் சேர்த்து விளக்குவதே நேரிது.